இளைச்சது சரி, எது இளைச்சது?

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. சுத்தியும் சர்க்கரை நோயாளிகளா இருக்கிற ஒரு குடும்பத்துல, கையில கிடைச்சதைப் படிச்சுக்கிட்டிருக்கிற சாதா ஆசாமி. எந்த மருந்து, எவ்வளவு டோஸ், எப்போ நிறுத்தறது... இதெல்லாம் உங்க டாக்டர் சொல்றதுதான். ஆனா சாப்பாட்டுத் தட்டைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் கோபமும் இருக்கு. அதான் இந்தப் பதிவு.

2025 மார்ச்ல மௌன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது. ஜூன்ல வீகோவி. அதுலேருந்து எங்க பார்க்ல காலை நடைக்கு வர்ற கும்பல் ரெண்டு கட்சியா பிரிஞ்சு போச்சு. ஒரு கட்சி, "ஊசி போட்டு இளைக்கிறதெல்லாம் ஒரு இளைப்பா? வாயைக் கட்டத் தெரியாதவன் பண்ற வேலை"ன்னு சொல்ற பெரிசுங்க. இன்னொரு கட்சி, "ஆறு மாசத்துல பன்னெண்டு கிலோ சார்!"னு பேண்ட் இடுப்பை இழுத்துக் காட்டறவங்க. (காட்டித்தான் ஆகணுமா சார்?)

முதல் கட்சிக்கு நான் பெரிசா பதில் சொல்லப் போறதில்லை. தினமும் காலைல பி.பி. மாத்திரை முழுங்கிட்டு நடக்க வர்றவர், எடைக்கு ஊசி போடறவரைப் பாத்து சிரிக்கிறதுல ஒரு நியாயமும் இல்லை. பசிங்கறது மன உறுதி மட்டும் சம்பந்தப்பட்ட சமாச்சாரம் இல்லைன்னு இந்த மருந்துகளே நிரூபிச்சாச்சு. எனக்குப் பேச்சு ரெண்டாவது கட்சியோடதான். பன்னெண்டு கிலோ குறைஞ்சது, ரொம்ப சந்தோஷம். அந்தப் பன்னெண்டுல கொழுப்பு எத்தனை, தசை எத்தனை? இதைக் கேட்டா எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.

மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு ரெண்டு வரி. சாப்பிட்டதும் நம்ம குடல் ஜி.எல்.பி-1ன்னு ஒரு ஹார்மோனை விடுது. அது கணையத்துக்கு 'இன்சுலினை விடு'ன்னு சொல்லும், இரைப்பைக்கு 'மெதுவா காலி பண்ணு'ன்னு சொல்லும், மூளைக்கு 'போதும்'னு சொல்லும். ஆனா ரெண்டு நிமிஷத்துலயே அதுல பாதி சிதைஞ்சு போயிடும். அமெரிக்கப் பாலைவனத்துல கிலா மான்ஸ்டர்னு விஷப்பல்லி ஒண்ணு இருக்கு. அதோட எச்சில்ல இதே வேலையைச் செய்யற, ஆனா சீக்கிரம் சிதையாத ஒரு பொருள் கிடைச்சது. அதை வெச்சு வந்த எக்ஸெனடைடுக்கு 2005ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இப்போ பிரபலமா இருக்கிற செமாக்ளூடைடு பல்லிகிட்டேருந்து வந்தது இல்லை, மனுஷ ஹார்மோனையே கொஞ்சம் மாத்தி, ரத்தத்துல ஒரு வாரம் நிக்கற மாதிரி பண்ணினது. டிர்செபடைடு (அதான் மௌன்ஜாரோ) இன்னொரு குடல் ஹார்மோனோட வேலையையும் சேத்துச் செய்யும். 

ஆக, மருந்து கொழுப்பை நேரா போய்க் கரைக்கறது இல்லை. நம்மளைக் கம்மியா சாப்பிட வைக்குது, அவ்வளவுதான். அந்தக் கம்மியில என்ன இருக்குங்கறது நம்ம பொறுப்பு. இந்த ஒரு விஷயத்தைத்தான் யாரும் உக்காத்தி வெச்சு சொல்ல மாட்டேங்கறாங்க.

2021ல வந்த ஸ்டெப்-1 ஆய்வுல 1961 பேர். செமாக்ளூடைடு போட்டவங்களுக்கு 68 வாரத்துல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சது. அதுல 140 பேரை மட்டும் ஸ்கேன் எடுத்து எது குறைஞ்சதுன்னு பாத்தாங்க. குறைஞ்ச எடையில கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பு இல்லாத பகுதி. டிர்செபடைடோட சர்மவுண்ட்-1 ஆய்வுல இது நாலுல ஒரு பங்கு. உடனே "ஊசி தசையைத் தின்னுடும்"னு ஃபார்வேர்டு அனுப்பக் கிளம்பிடாதீங்க. கொழுப்பு இல்லாத பகுதின்னா தசை மட்டும் இல்லை, தண்ணி, ஈரல், மத்த உறுப்பு எல்லாம் அதுல அடக்கம். பட்டினி கிடந்து இளைச்சாலும் கொஞ்சம் தசை போகத்தான் செய்யும். பெரிய உடம்பைத் தூக்கிச் சுமந்த கால், சுமை குறைஞ்சா கொஞ்சம் மெலியறது இயற்கை.

அப்போ எனக்கு எங்க இடிக்குது? அந்த ஆய்வுகள்ல பெரும்பாலானவங்க வெள்ளைக்காரங்க. நாம அந்த இடத்துலேருந்து கிளம்பலை.

புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டன் ஜான் யுட்கினும் 2004ல லான்செட்ல ரெண்டு பேர் போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினாங்க. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ ஒண்ணேதான், 22.3. யுட்கின் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம். யாக்னிக் உடம்புல 21.2. வெளியில பாத்தா ரெண்டு பேருமே ஒல்லி. உள்ள ஒருத்தர் தசை, ஒருத்தர் கொழுப்பு. ஒல்லியான கை கால், முன்னாடி ஒரு தொப்பை... கண்ணாடியில பாருங்க, புரியும் :-) தசைக் கணக்குல ஏற்கெனவே மினிமம் பேலன்ஸ்ல ஓடிக்கிட்டிருக்கிறவங்க நாம. அதுலேருந்துதான் எடுக்கறோம்.

இதுக்கு மேல நம்ம தட்டு. சென்னை மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆட்கள் ஐ.சி.எம்.ஆரோட சேந்து நாடு முழுக்கப் பண்ணின ஆய்வு 2025ல வந்தது. இந்தியர்களோட கலோரியில 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12 சதவீதம். நல்லா சாப்பிடற காலத்துலயே இந்த லட்சணம். அதுல பாதியா சாப்பாடு குறைஞ்சா, மொதல்ல தட்டை விட்டுப் போறது எது? சோறு இல்லைங்க. பருப்பு, சுண்டல், முட்டை, கறிதான் போகும். ஏன்னா மந்தமான வயித்துக்கு அதெல்லாம் 'ஹெவி'. மிஞ்சறது தயிர்சாதம், ரஸ்க், கஞ்சி. 

எங்க அக்கா கதையைச் சொன்னா புரியும். திருச்சியில இருக்கா, 59 வயசு, சுத்த சைவம், பதினாலு வருஷமா சர்க்கரை. டாக்டர் ஊசி எழுதினார். 77 கிலோ இருந்தவ, ஏழு மாசத்துல 68. சர்க்கரை அளவு அருமையா இறங்கிடுச்சு, ரெண்டு மாத்திரையைக் குறைச்சாங்க. மூட்டு வலி குறைஞ்சது. இதெல்லாம் நிஜமான லாபம், நான் குறை சொல்ல மாட்டேன். நவராத்திரிக்குப் போனப்போ வந்தவங்க எல்லாம் "பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கீங்க மாமி"ன்னு சொல்லிச் சொல்லி அவளுக்குத் தலைகால் புரியலை. அப்புறம் கொலுவுக்கு முன்னாடி கோலம் போடத் தரையில உக்காந்தவளால எழுந்துக்க முடியலை. ஒரு கையைத் தரையில ஊணினா, இன்னொரு கையால கொலுப்படியைப் பிடிக்கப் போனா. நான் ஓடிப் போய்ப் பிடிச்சேன். "எடை குறைஞ்சா ஈஸியா எழுந்துக்கணும் இல்லடா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி.

அன்னிக்கு ராத்திரி தங்கமணி அவகிட்ட உக்காந்து, நாள் முழுக்க என்ன சாப்பிடறான்னு ஒரு தாள்ல எழுதினா. காலைல காபி, ஒரு இட்லி. மத்தியானம் அரைக் கிண்ணம் தயிர்சாதம், ஊறுகாய். சாயங்காலம் காபி, ரெண்டு பிஸ்கட். ராத்திரி ஒரு டம்ளர் பால், சில நாள் அதுவும் இல்லை. இட்லிக்கு 2 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலுக்கு 6, இப்படித் தாராளமாக் கூட்டியும் 25 கிராம் தாண்டலை. ஐ.சி.எம்.ஆர் 2020ல சொன்ன சாதாரணத் தேவையே கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது அவ எடைக்கு 56. எடை குறைச்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு, தசையைக் காப்பாத்தணும்னா 1.2லேருந்து 1.6 வரைக்கும் வேணும்னு நிபுணர்கள் சொல்றாங்க. அப்படிப் பாத்தா 80க்கு மேல. நம்ம ஆளு 25ல வண்டி ஓட்டிக்கிட்டிருந்தா! வெளியிலேருந்து வரலைன்னா உடம்பு சும்மா இருக்குமா? தொடையிலேருந்து எடுத்துக்கும்.

ஏழு மாசத்துல அவ ஆறு தடவை டாக்டர்கிட்டப் போயிருக்கா. ஒவ்வொரு தடவையும் எடை மெஷின், 'வெரி குட்', டோஸ் ஏத்தல். "என்ன சாப்பிடறீங்க?"ன்னு ஒரு தடவைகூட யாரும் கேக்கலை. அவங்களைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை, வெளியில அறுபது பேர் உக்காந்திருக்காங்க. ஆனா இது அறுபது பேருக்கும் அடிச்சுக் கொடுக்கக்கூடிய ஒரு பக்க நோட்டீஸ் சமாச்சாரம். மௌன்ஜாரோ இங்க வந்தப்போ 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. வாரம் ஒண்ணு. மாசம் பதினாலாயிரத்துக்கு மருந்து எழுதற இடத்துல ஒரு டயட்டீஷியன் இல்லாதது எனக்கு ஜீரணமாகலை. செமாக்ளூடைடோட காப்புரிமையும் இந்தியாவுல 2026 மார்ச்சோட முடிவு. உள்ளூர்க் கம்பெனிகளுக்கு வழி திறந்தா விலை இறங்கும், நல்லது. கூடவே, ஒரு வார்த்தை ஆலோசனையும் இல்லாம ஊசி போட்டுக்கறவங்க கூட்டமும் ஏறும். அதான் கவலை.

"புரதம் சாப்பிடுங்க"ன்னு சொல்றது சுலபம். குமட்டிக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட சொல்லிப் பாருங்க! ஸ்டெப்-1லயே மருந்து போட்டவங்கள்ல 44 சதவீதம் பேருக்குக் குமட்டல், 25 சதவீதம் பேருக்கு வாந்தி, 23 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல். வயித்தைச் சரி பண்ணாம தசையைக் காப்பாத்த முடியாது. குமட்டினா கஞ்சி, ரஸ்க்னு இறங்கிடறோம். கக்கூஸ் போகலைன்னா வயிறு உப்பி இன்னும் பசிக்காது. பசிக்கலைன்னா இன்னும் கஞ்சி. இந்தச் சுழல்லதான் தொடை கரையுது.

குமட்டலுக்கு எங்க வீட்டு அனுபவத்துல முதல் எதிரி எண்ணெய். கொழுப்பு ஏற்கெனவே இரைப்பையில ரொம்ப நேரம் தங்கற சாமான், மருந்தும் சேந்து அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா, காலைல தின்ன பூரி சாயங்காலம் ஏப்பத்துல வரும். பஜ்ஜி, பரோட்டா சால்னா எல்லாம் ஊசி போட்ட ரெண்டு மூணு நாளைக்காவது வேண்டாம். அடுத்த எதிரி, கோவிச்சுக்காதீங்க, நம்ம அன்பு. "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கோங்க"ன்னு இலையில தள்ளற அன்பு. இந்த மருந்துல இருக்கிறவங்களுக்கு 'போதும்'க்கும் 'ஐயோ'வுக்கும் நடுவுல நாலே வாய்தான். அவங்க இலையை மூடினா மூட விடுங்க. மூணு வேளை பெரிசா சாப்பிடறதை அஞ்சு வேளை சின்னதா மாத்திக்கலாம், மெதுவா மெல்லலாம், சாப்பிட்டதும் சாயாம இருக்கலாம். குமட்டல் பெரும்பாலும் டோஸ் ஏத்தற சமயத்துலதான் படுத்தும். ஒரு டோஸ்ல சாப்பிடவே முடியலைன்னா "இன்னும் ஒரு மாசம் இதே டோஸ்ல இருக்கலாமா?"ன்னு கேக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்லை. சீக்கிரம் ஏத்தினா பரிசு எதுவும் தர்றதில்லை.

மலச்சிக்கலைப் பத்திப் பேச நம்மாளுங்களுக்குக் கூச்சம். அக்கா ரெண்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. காரணம் எளிசு. குடல் மெதுவா ஓடுது, உள்ள போற நார் குறைவு, தண்ணியும் குறைவு. நாம குடிக்கிற தண்ணியைத்தான் கணக்குல வெப்போம். குழம்பு, ரசம், மோர், காய்னு சாப்பாடு வழியா வர்ற தண்ணியை மறந்துடுவோம். சாப்பாடு பாதியானா அந்தத் தண்ணியும் பாதி. பலருக்குத் தாகமே எடுக்கறதில்லை வேற. அதனால கணக்கு வெச்சுக் குடிக்கணும். ஆனா சாப்பாட்டு நடுவுல குடிச்சு இருக்கிற கொஞ்ச இடத்தையும் ரொப்பக்கூடாது. கீரை, அவரை, வாழைத்தண்டுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ஒரே நாள்ல ஏத்தினா உப்பும். இசப்கோல் போடறவங்க முழு டம்ளர் தண்ணியோட போடுங்க. மெதுவான குடல்ல தண்ணி இல்லாத நார் அடைப்பைக் கூட்டும். அதுக்கும் மசியலைன்னா டாக்டர்கிட்ட மலமிளக்கி கேளுங்க, தப்பே இல்லை. விடாத கடுமையான வயித்துவலி, அதுவும் முதுகுப் பக்கம் பாயற வலின்னா மட்டும் சுக்குக் கஷாயம் வெச்சுப் பாத்துக்கிட்டிருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க. கணையமா இருக்கலாம், பித்தப்பைக் கல்லா இருக்கலாம். வேகமா இளைச்சா பித்தப்பைக் கல் வர்ற வாய்ப்பு ஏறும்.

வயிறு கொஞ்சம் வழிக்கு வந்ததும் அக்கா தட்டுல வரிசையை மாத்தினோம். சோறு கடைசி. முதல்ல பன்னீரோ கெட்டிப் பருப்போ. பாதியில வயிறு நிறைஞ்சாலும் உள்ள போக வேண்டியது போயாச்சு. காலைல இட்லிக்குப் பதில் ஒரு பச்சைப்பயறு தோசை. நாலு மணிக்கு பிஸ்கட் போய் கைப்பிடி சுண்டல், நவராத்திரி ஒன்பது நாளோட நிறுத்த வேண்டிய பண்டமா அது? கொண்டைக்கடலை ஆரம்பத்துல உப்பிச்சு, அதனால பாசிப்பயறுல ஆரம்பிச்சோம். ராத்திரி பால்ல ஒரு கரண்டி வே புரோட்டீன். 80 எட்டலை, உண்மையைச் சொல்லணும். 60 பக்கம் வந்தது. அசைவக்காரங்களுக்கு வேலை சுலபம்: முட்டைக்கு 6 கிராம், 100 கிராம் மீனுக்கு 20 பக்கம். குழம்பு மீனா மட்டும் இருக்கட்டும், பொரிச்சது வேண்டாம். கிட்னி பிரச்சினை உள்ளவங்க டாக்டரைக் கேக்காம புரதத்தை ஏத்தாதீங்க. இன்சுலினோ, சர்க்கரையைத் தடாலடியா இறக்கற சில மாத்திரைகளோ கூடப் போடறவங்க, சாப்பாடு குறைஞ்சதைக் கண்டிப்பா டாக்டர்கிட்ட சொல்லுங்க. தாழ்சர்க்கரை மயக்கம் வந்தா விளையாட்டு இல்லை.

இந்த ஊசியோட 'துணைக்கு'ன்னு இப்போ கொலாஜன் பொடி, என்சைம் மாத்திரை, குடல் நலப் பொட்டலம்னு ஒரு சந்தை கிளம்பியிருக்கு. கொலாஜன்ல தசைக்கு வேண்டிய அமினோ அமிலம் எல்லாம் முழுசா கிடையாது, டிரிப்டோஃபான் சுத்தமா இல்லை. டப்பாவுல '20 கிராம் புரதம்'னு போட்டிருக்கும், அதைத் தசைக் கணக்குல எழுதிக்காதீங்க. நம்ம பொட்டுக்கடலை, நிலக்கடலை தேவலை. எடை குறைஞ்சு ரெண்டு மூணு மாசத்துல முடி கொட்டறது பலருக்கும் நடக்கும். அந்த பயத்தை வெச்சுத்தான் இந்த வியாபாரம் பாதி நடக்குது.

சாப்பாடு மட்டும் போதாது. தசைக்கு வேலை கொடுத்தாத்தான் அந்தப் புரதத்தை அது எடுத்துக்கும். டென்மார்க்ல 195 பேரை வெச்சு ஒரு ஆய்வு, 2021ல வந்தது. முதல்ல டயட்ல இளைக்க வெச்சு, அப்புறம் ஒரு வருஷம் சிலருக்கு லிராக்ளூடைடு ஊசி, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு ரெண்டும். ரெண்டும் செஞ்சவங்களுக்கு, ஒண்ணு மட்டும் செஞ்சவங்களை விட உடம்புக் கொழுப்பு ரெண்டு மடங்கு குறைஞ்சது. அதே ஆட்களோட எலும்பை அளந்து 2024ல எழுதினாங்க: ஊசி மட்டும் போட்டவங்களுக்கு இடுப்பு, முதுகெலும்பு அடர்த்தி குறைஞ்சிருக்கு. பயிற்சியும் சேத்தவங்களுக்கு அதிகமா எடை குறைஞ்சும் எலும்பு தாக்குப் பிடிச்சிருக்கு. ஐம்பது தாண்டின பெண்கள் இதை ரெண்டு தடவை படிக்கணும்.

வாக்கிங் நல்லதுதான், செரிமானத்துக்கும் நல்லது. ஆனா தொடை தசையை ஏத்த அது பத்தாது. ஜிம்முக்குப் போன்னா அக்கா எங்க போவா? நாற்காலிதான் அவ ஜிம். கையை மார்ல கட்டிக்கிட்டு, உக்காந்து எழுந்துக்கறது. சுவத்துல கை வெச்சுத் தள்றது. ரெண்டு தண்ணி பாட்டில் தூக்கறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கஷ்டம் தெரியற அளவுக்கு.

இதுலயே ஒரு பரிட்சையும் இருக்கு. ஆசிய நிபுணர் குழு 2019ல கொடுத்த அளவு: கையை ஊணாம நாற்காலியிலேருந்து அஞ்சு தடவை எழுந்து உக்கார 12 வினாடியோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா, தசை வலு குறையுதான்னு பாக்கணும். அக்காவுக்கு முதல் நாள் 19. மூணு மாசம் கழிச்சு 13. ஆனா அந்த மூணு மாசத்துல எடை ஒண்ணரைக் கிலோதான் குறைஞ்சது. "நீ வந்து என் எடையைக் கெடுத்துட்டடா"ன்னு போன்ல ஒரே சண்டை. இப்பவும் மெஷின் நம்பர்தான் அவளுக்கு மார்க். வீட்டுக்கு வர்றவங்களும் அதைத்தானே கேக்கறாங்க? "எத்தனை கிலோ?"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, "எத்தனை வினாடி?"ன்னு கேக்க ஆள் இல்லை.

ஊசியை நிறுத்தின பிறகுதான் இது இன்னும் உறைக்கும். ஸ்டெப்-1 ஆட்களை நிறுத்தின பிறகு ஒரு வருஷம் கவனிச்சாங்க. குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. கொழுப்பு சும்மா உக்காந்திருந்தாலே திரும்பி வரும். தசை அப்படி வராது, வேலை கொடுத்து வாங்கணும். காசு தீர்ந்தோ, அலுத்துப் போயோ பாதியில நிறுத்தறவங்க நம்ம ஊர்ல நிறைய இருப்பாங்க. பழைய எடை, ஆனா பழைய கால் இல்லைன்னு நிக்கற 65 வயசை நினைச்சுப் பாருங்க. பாத்ரூம்ல வழுக்கினா பிடிச்சு நிறுத்த வேண்டியது அந்தக் கால்தான்.

அடுத்த தடவை டாக்டரைப் பாக்கும்போது எடை மெஷின்ல ஏறறதுக்கு முன்னாடி ஒரு துண்டுச் சீட்டை நீட்டுங்க. நேத்து என்ன சாப்பிட்டேன், எத்தனை நாளா கக்கூஸ் போகலை, அஞ்சு தடவை எழுந்துக்க எத்தனை வினாடி. அவருக்குப் படிக்க அரை நிமிஷம் ஆகாது.

பி.கு: மயக்க மருந்து கொடுக்கற எந்த ஆபரேஷனா இருந்தாலும், எண்டாஸ்கோப்பியா இருந்தாலும், இந்த ஊசி போடறதை முன்கூட்டியே சொல்லிடுங்க. ராத்திரி முழுக்கப் பட்டினி இருந்தும் வயித்துல சாப்பாடு மிச்சம் இருக்கலாம், மயக்கத்துல அது நுரையீரலுக்குப் போனா ஆபத்து. சர்க்கரை மாத்திரை லிஸ்ட்ல எழுதறவங்க, "வாரம் ஒரு தடவை போடற ஊசிதானே"ன்னு இதை விட்டுடறாங்க.